பேஸ் கிட்டாருக்குப் புது பாடி: ஆல்டர் கிடைக்காத ஊரில் எந்த மரம்?

கம்பிகளைப் பாடியில் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜின் ஸ்க்ரூ மரத்தைப் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. நெக் வந்து பொருந்தும் குழியான நெக் பாக்கெட் ஓரத்தில் வெடிப்பு. பிளைவுட் பாடி ஒரு மழைக்காலத்தில் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் கம்பிகளை அழுத்தி வாசிக்கும் நீண்ட நெக் நேராக இருக்கிறது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும், கம்பியை முறுக்கும் ட்யூனரும் நன்றாக வேலை செய்கின்றன. இப்படி ஒரு பேஸை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடவும் மனமில்லாமல், என்ன செய்வதென்றும் தெரியாமல் கேட்கும் கேள்வி இது: பாடியை மட்டும் புதிதாகச் செய்யலாமா? செய்தால் எந்த மரத்தில்?

தாராளமாகச் செய்யலாம். தயக்கம் பெரும்பாலும் மரத்தைப் பற்றித்தான். "அசல் மரம் ஆல்டரும் ஆஷும்தானே, நம்ம ஊர் மரக்கடையில் இருப்பதை வைத்துச் செய்தால் சரியாக வருமா?" என்ற சந்தேகம்.

அந்த "அசல்" எப்படி வந்தது என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951ல் ப்ரிசிஷன் என்ற பேஸைக் கொண்டுவந்தபோது பாடி ஆஷ் மரம். 1956 வாக்கில் பெரும்பாலான பாடிகள் ஆல்டருக்கு மாறின. ஆல்டர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தாராளமாகக் கிடைத்தது, விலை குறைவு, நுண்துளைகள் சிறியவை என்பதால் பெயின்ட் சீக்கிரம் ஏறியது. பிறகு 2020ல், வழக்கமான தயாரிப்புகளில் ஆஷ் மரத்தை இனிப் பயன்படுத்தப்போவதில்லை என்று ஃபெண்டர் நிறுவனமே அறிவித்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் வெள்ளம் நீண்ட நாள் நின்று மரம் வெட்டுவது கஷ்டமானது ஒரு காரணம். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு இன்னொன்று. கையருகே நல்ல மரமாக எது கிடைத்ததோ அதில் செய்தார்கள், கிடைக்காதபோது மாற்றினார்கள். நாமும் அதே வழியில் யோசிக்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

எடை. எனக்கு இதுதான் முதல் அளவுகோல். நான்கு கம்பி, ப்ரிசிஷன் வடிவம், 44 மி.மீ. தடிமன் என்றால் பாடியின் கன அளவு கிட்டத்தட்ட 4.7 லிட்டர். மரத்தின் அடர்த்தி லிட்டருக்கு 0.6 கிலோ என்றால் பாடி 2.8 கிலோ வரும். நெக், ட்யூனர், பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் சேர்ந்து இன்னும் ஏறக்குறைய 1.8 கிலோ. இரண்டு மணி நேரக் கச்சேரியில் இடது தோளில் தொங்கப்போவது இந்த மொத்தம்தான்.

இதை மரக்கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். பலகையின் நீளம், அகலம், தடிமனைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். 100 × 20 × 5 என்றால் 10 லிட்டர். தராசில் அது 6.1 கிலோ காட்டினால் அடர்த்தி 0.61. பாடிக்கு 0.45 முதல் 0.60 வரை வசதியான எல்லை. ஒரே பெயரில் விற்கும் இரண்டு பலகைகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கும் என்பதால் புத்தகத்தில் இருக்கும் எண்ணைவிட இந்தக் கணக்கு நம்பகமானது.

ரொம்ப லேசாகப் போனாலும் தொல்லை. பேஸ் ட்யூனர்கள் கனமானவை. பாடி 2 கிலோவுக்குக் கீழே போனால் கையை எடுத்தவுடன் நெக் கீழே சாயும், வாசிக்கும்போதெல்லாம் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும்.

உலர்வு. பச்சை மரத்தில் செய்த பாடி பிறகு வளையும், ஒட்டுப் பிரியும், நெக் பாக்கெட் அளவு மாறும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காற்றில் உலர வேண்டும் என்பது பழைய கணக்கு. ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பலகையின் முனையில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுக் கீழே எழுதிக்கொண்டே வாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு ரம்பத்தை எடுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மரம் சுமார் 12 முதல் 14 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். அதற்கும் கீழே இறங்க வேண்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஸ்க்ரூ பிடிப்பு. வழக்கமான கம்பி செட்டில் நான்கு கம்பிகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 80 கிலோ. ஒரு முனையில் அதைத் தாங்குவது பிரிட்ஜின் சின்ன ஸ்க்ரூக்கள். மெத்தென்ற மரத்தில் அவை நாளடைவில் தளரும்.

வேலையும் பூச்சும். நுண்துளை பெரிய மரத்துக்கு நிரப்பி பூசித் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ள மரத்தில் ஒட்டும் வார்னிஷும் பிடிக்க மறுக்கும். மரத்தின் விலையைவிட இந்தக் கூலி கூடிவிடுவதுண்டு. மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இங்கேதான்.

ஒலியை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். திடமான பாடி கொண்ட மின்சார பேஸில் காதுக்கு வந்து சேர்வதைத் தீர்மானிப்பவை கம்பி, பிக்கப், பிக்கப் இருக்கும் இடம், விரல், செட்டப். அப்புறம் நெக்கின் விறைப்பு. பாடி மரத்தின் பங்கு இருக்கிறது, ஆனால் சிறியது. ஜி கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டுக்கும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) 7ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒலி சட்டென்று அணைந்துபோகும் இடம் பல பேஸ்களில் உண்டு. அது நெக்கும் பாடியும் சேர்ந்து அதிரும் விதத்தால் வருவது. புது பாடி போட்டால் அந்த இடம் கொஞ்சம் நகரலாம், மறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஒலிக்காக மரம் தேடி அலையும் பணத்தில் நல்ல பிக்கப் ஒன்று வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

## ஒரு பார்வையில்

| மரம் | அடர்த்தி (லிட்டருக்குக் கிலோ, சுமார்) | பாடி எடை (கிலோ, சுமார்) | ஸ்க்ரூ பிடிப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஆல்டர் (இறக்குமதி) | 0.45 | 2.1 | போதுமானது | கப்பல் கூலி, சுங்கம் |
| சந்தன வேம்பு | 0.48 | 2.3 | சுமார் | தேடும் அலைச்சல், எளிதில் பள்ளம் விழும் |
| மகோகனி (தோட்டத்து மரம்) | 0.50–0.60 | 2.4–2.8 | நன்று | வெள்ளைப் பகுதி கழிவு, நுண்துளை நிரப்புதல் |
| பலா | 0.60 | 2.8 | மிக நன்று | நிறம் மாறுதல், உலர்த்தும் காலம் |
| தூங்குமூஞ்சி | 0.60 | 2.8 | நன்று | இழைப்பில் பிய்தல், செல்லு |
| தேக்கு | 0.65 | 3.1 | மிக நன்று | விலை, ஒட்டும் வேலை, எடை |
| மலைவேம்பு | 0.35–0.45 | 1.6–2.1 | குறைவு | நெக் சாய்தல், ஸ்க்ரூவுக்கு வலுவூட்டல் |

## ஆல்டரையே வரவழைப்பது

வெளிநாட்டிலிருந்து வெட்டித் துளைபோட்ட ஆயத்த பாடி வாங்கலாம். நெக் பாக்கெட், பிக்கப் குழி எல்லாம் சரியான அளவில் இருக்கும், மரத்தில் குழி வெட்டும் ரௌட்டர் கருவி தேவையே இல்லை. கையில் கருவியும் இடமும் இல்லாதவர்களுக்கு, அதுவும் விற்கும்போது விலை கிடைக்கவேண்டிய நல்ல பேஸாக இருந்தால், இதுவே சரி.

ஆனால் பாடியின் விலையோடு கப்பல் கூலியும் சுங்கமும் சேரும்போது தொகை எங்கோ போய் நிற்கும். வெட்டாத வெறும் கட்டையாக வரவழைக்க நினைத்தால் இன்னும் சிக்கல்: இந்தியாவுக்குள் வரும் மரத்துக்குத் தாவர நோய்த்தடுப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஆயத்த பாடி வந்தாலும் உடனே பூச்சு அடிக்க வேண்டாம். அங்கே சூளையில் 6 முதல் 8 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய மரம் நம் ஊர்க் காற்றில் கொஞ்சம் ஊதும். சில வாரம் வீட்டில் திறந்து வைத்துவிட்டுப் பிறகு நெக் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

## பலா

தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில்தான் செய்கிறார்கள், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. குடைந்து எடுக்கவும், தோலும் வாரும் இழுக்கும் இழுப்பைத் தாங்கவும், பல வருடம் வடிவம் மாறாமல் இருக்கவும் இந்த மரத்தை நம்புகிறார்கள். பேஸ் பாடிக்கு வேண்டிய குணங்களும் இவைதான். பலா வைரத்தில், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதியில், போட்ட ஸ்க்ரூ லேசில் தளராது. கரையானும் எளிதில் அண்டாது.

எடை எல்லையின் மேல் விளிம்பில் நிற்கிறது. பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது வைரப் பகுதியாக மட்டும் பாருங்கள், ஓரத்து வெளிர் பகுதியை விட்டுவிடுங்கள். பாடிக்குச் சுமார் 14 அங்குல அகலம் வேண்டும். ஒரே பலகையில் அந்த அகலத்தைத் தேடுவதைவிட இரண்டு அல்லது மூன்று பலகைகளை ஓரம் ஒட்டிச் செய்வது நல்லது: உலர்ந்த மரம் கிடைப்பது எளிது, வளைவதும் குறையும். 20 × 14 × 1¾ அங்குலக் கட்டைக்குக் கணக்குப்படி கால் கன அடிக்குக் கொஞ்சம் மேலே போதும். கழிவுக்கும் சேர்த்து அரைக் கன அடி வாங்குங்கள்.

புதிதாக இழைத்த பலா பளிச்சென்ற மஞ்சள். அந்த நிறம் நிற்காது. வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்னாகி, கடைசியில் தேன் கலந்த பழுப்பாகும். பாடியின் முகத்தில் மாட்டும் தகடான பிக்கார்டுக்கு அடியில் இருக்கும் பகுதி மட்டும் மஞ்சளாகவே நிற்கும். அதனால் பூச்சு அடித்த பின், பிக்கார்டை மாட்டுவதற்கு முன் சில வாரம் நல்ல வெளிச்சத்தில் வைத்திருங்கள், நிறம் சீராக இறங்கும். இந்த மரத்தைத் திடமான வண்ண பெயின்டுக்குள் மறைத்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

பலாவின் உண்மையான செலவு காலம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் முழுதாக உலராதது. அவசரம் இருப்பவர்கள் வேறு மரத்துக்குப் போவது நல்லது.

## தேக்கு, முக்கியமாகப் பழைய தேக்கு

தேக்கு நிலையானது, ஈரத்துக்கு அசையாது, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எடைதான் தடை. 3.1 கிலோ பாடி, முழு பேஸ் 5 கிலோவைத் தொடும். உட்கார்ந்து வாசிப்பவருக்கும் ஸ்டூடியோவில் வைத்துக்கொள்பவருக்கும் பரவாயில்லை. மேடையில் நின்று வாசிப்பவருக்கு நான் சொல்லமாட்டேன், எடையைக் குறைத்தால் தவிர.

குறைக்க இரண்டு வழி. ஒன்று, உள்ளே அறைகள் குடைந்து மேலே மெல்லிய பலகை ஒட்டுவது. 0.7 லிட்டர் குடைந்தால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இன்னொன்று, தடிமனை 40 மி.மீ. ஆக்குவது. இதில் ஏறக்குறைய 280 கிராம் குறையும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பாடி 4 மி.மீ. மெலிந்தால் பழைய நெக் ஸ்க்ரூக்கள் நெக்குக்குள் 4 மி.மீ. கூடுதலாக இறங்கும். நெக் அடியின் மொத்தத் தடிமனே ஓர் அங்குலம்தான், அதுவும் ஃப்ரெட்போர்டைச் சேர்த்து. ஸ்க்ரூவை வெட்டிக் குட்டையாக்காமல் முடுக்கினால் ஃப்ரெட்போர்டு அடியிலிருந்து விரியும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியான கையோடு ஒட்ட வேண்டும். பூச்சுக்கு முன் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை அடித்தால் அதன்மேல் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு ஒழுங்காகக் காயும். மரத்தில் மணல்சத்து இருப்பதால் ரௌட்டர் பிட்டும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும், ஒரு புது பிட் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுத் தேக்கைவிட இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கு மேல். பல பத்தாண்டு உலர்ந்தது, இனி அசையவேண்டிய அசைவு எதுவும் அதில் பாக்கி இல்லை. நாகஸ்வரம் செய்பவர்களும் ஆச்சா மரத்தைப் பழைய வீட்டு உத்தரங்களிலிருந்தே தேடி எடுப்பது இதற்காகத்தான். ஆனால் உள்ளே முறிந்த ஆணிகள் இருக்கும். அறுவை மில்லில் ரம்பப் பல் போய்விடும் என்று வாங்க மறுப்பார்கள், அல்லது ரம்பத்துக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். வலுவான காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாயும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதை வீட்டுக்குள் உரச வேண்டாம்.

## மகோகனி

கிப்சனின் தண்டர்பேர்ட் பேஸ் 1963ல் வந்தது, மகோகனியில். ஆகவே பேஸுக்கு இது சோதித்துப் பார்த்த மரம்தான். தமிழ்நாட்டில் விவசாயிகள் நட்ட மகோகனி இப்போது கடைகளுக்கு வருகிறது. இழைக்க இனிமை, ஒட்டு நன்றாகப் பிடிக்கும். இளம் மரத்தில் வெள்ளைப் பகுதி அதிகம், அதை ஒதுக்கினால் கழிவு கூடும். வேறு சிவப்பு மரங்களையும் இந்தப் பெயரில் விற்பதுண்டு என்பதால் தராசுக் கணக்கு இங்கே ரொம்பவே உதவும். முதல் முறையாக பாடி செய்பவருக்கு நான் சொல்லும் மரம் இது.

## சந்தன வேம்பு

வடக்கே துன் என்பார்கள், சிதார் செய்யும் மரங்களில் ஒன்று. காபித் தோட்டங்களில் நிழல் மரமாக நிற்கும். எடையில் ஆல்டருக்கு மிக அருகில் வரும் நம் மரம் இதுதான். செம்பழுப்பு நிறம், இழைக்கும்போது நல்ல வாசனை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர்களின் மரக்கடைகளில் விசாரித்தால் கிடைக்கும், சென்னையில் அலைய வேண்டியிருக்கும்.

மென்மையான மரம். பெல்ட் பக்கிள் பட்டாலே பள்ளம் விழும். பிரிட்ஜ் ஸ்க்ரூ விழும் இடத்தில் தேக்கு அல்லது பலா ஆப்பு பதித்து அதில் ஸ்க்ரூ போடுங்கள். தூள் மூக்கை எரிக்கும், முகமூடி இல்லாமல் உரசாதீர்கள். தோள்வலி உள்ளவருக்கு, எடை குறைந்தும் நெக் சாயாமலும் இருக்கவேண்டும் என்பவருக்கு, இந்தப் பட்டியலில் என் முதல் தேர்வு.

## தூங்குமூஞ்சி, மலைவேம்பு

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து மிக அகலமான பலகை கிடைக்கும். ஒட்டே இல்லாத ஒரே துண்டு பாடி வேண்டுமென்றால் இதைப் பாருங்கள். காயும்போது சுருக்கம் குறைவு, ரேகை அழகு. ஆனால் நார் முன்னும் பின்னும் பின்னி ஓடுவதால் இழைப்புளி பிய்க்கும். ரௌட்டரை ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல் மெல்லிய அடுக்குகளாக வெட்ட வேண்டும். வெள்ளைப் பகுதியைச் செல்லு அரிக்கும், அதை முழுக்க நீக்கிவிடுங்கள்.

மலைவேம்பு பிளைவுட்டுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்படுவது, மலிவு, மிக லேசு. கனமான ட்யூனர் உள்ள பேஸுக்கு இதில் முழு பாடி வேண்டாம். மேலே தேக்குப் பலகை ஒட்டிய இரட்டை அடுக்கு பாடிக்கு உள்மரமாக வைத்தால் நன்றாக அமையும்.

## யாருக்கு எது

அடுத்த மாதம் கச்சேரி, கையில் கருவி இல்லை: ஆயத்த ஆல்டர் பாடி. அல்லது உலர்ந்த மகோகனியை வாங்கி, கணினி வழி வெட்டும் சி.என்.சி. வசதியுள்ள கடையில் வெட்டக் கொடுப்பது. ஒரு வருடம் காத்திருக்க முடியும், வாழ்நாளுக்கும் வைத்துக்கொள்ளும் கருவி வேண்டும்: பலா. தாத்தா வீட்டுக் கதவோ உத்தரமோ கையில் இருக்கிறது: பழைய தேக்கு, உள்ளே குடைந்து. இரவெல்லாம் நின்று வாசிக்கும் தொழில்: சந்தன வேம்பு.

எந்த மரமானாலும் நெக் ஸ்க்ரூ பாடியில் கடிக்கக் கூடாது. பாடியில் உள்ள துளை ஸ்க்ரூ தளர்வாக நழுவிப்போகும் அளவுக்கு இருக்க வேண்டும், பிடிப்பு நெக்கில் மட்டும். பலா, தேக்கு மாதிரி மரங்களில் ஸ்க்ரூ பாடியிலும் கடித்துக்கொண்டால் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே முடி அளவு இடைவெளி நின்றுவிடும், எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. பிரிட்ஜ் ஸ்க்ரூவுக்கு முன்துளை போட்டு, ஸ்க்ரூவில் மெழுகுவத்தியைத் தேய்த்து இறக்குங்கள். சோப்பு வேண்டாம், ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும்.

## நெக்கை என்ன செய்வது

பழைய நெக் நன்றாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். 34 அங்குலக் கம்பி நீளத்தில் 80 கிலோ இழுப்பைத் தாங்கி, நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டுக்குக் கட்டுப்படும் நெக் செய்வது பாடி செய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம். நெக்குக்கு வழக்கமான மேப்பிளுக்கு மாற்றாக உள்ளூர் மரத்தில் ஒரே துண்டு நெக் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஃப்ரெட்போர்டு தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தால் விஷயம் வேறு. ஈட்டி (ரோஸ்வுட்) உலகமே தேடும் ஃப்ரெட்போர்டு மரம், நம் மலைகளில் வளர்வது. அதைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், அதனால் ரசீது இல்லாத ஈட்டியை வாங்காதீர்கள். இன்னொரு வழி ஆச்சா. 2022ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கன்பேட்டை நாகஸ்வரம் இந்த மரத்தில்தான் ஆகிறது. தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. 6 மி.மீ. ஃப்ரெட்போர்டாகச் செய்தால் ஈட்டியைவிட அறுபது கிராம் அளவுக்குக் கூடும், அது நெக் பக்கம் சேரும் எடை என்பதால் லேசான பாடியோடு சேர்க்க வேண்டாம். ஃப்ரெட் பள்ளம் அறுக்கும் ரம்பம் சீக்கிரம் மழுங்கும். ஃப்ரெட்டே இல்லாத பேஸ் என்றால் இதைவிடப் பொருத்தமான மரம் நம் பக்கத்தில் எனக்குத் தெரியவில்லை: உருண்டை இழை சுற்றிய சொரசொரப்பான கம்பி மற்ற மரங்களில் சீக்கிரம் தடம் பதித்துவிடும், ஆச்சாவில் அதற்குப் பல காலம் பிடிக்கும்.